சிறு சேமிப்பும் பங்குச் சந்தையும்

கப்பலோட்டிய தமிழரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்காத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் ரூ. 10 இலட்சம், பங்கு ஒன்றுக்கு ரூ. 25, ஆக 40,000 பங்குகள். பாடநூலில் இதை ஒரே வரியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். ஆனால் 'பங்கு' என்றால் என்ன என்று கேட்கும் எவருக்கும் இந்த ஒரு வரியே விடை. ஒருவரால் முடியாத பெருந்தொழிலைப் பலர் கூடிச் சிறு சிறு துண்டுகளாகச் சொந்தம் கொள்வதே பங்கு. தொழில் வளர்ந்தால் துண்டின் மதிப்பும் வளரும். தொழில் முழுகினால் துண்டும் முழுகும்.

சுதேசிக் கம்பெனியின் முடிவும் நாம் அறிந்ததே. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைத் தாழ்த்திப் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் வ. உ. சி. கைது செய்யப்பட்டார். 1911இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. அந்தப் பங்குகளை வாங்கியவர்கள் நாட்டை எண்ணி வாங்கினார்கள். அவர்களை இலாப நட்டக் கணக்கில் வைத்துப் பேசுவது தகாது. எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியின் கதி ஒரு மனிதரின் சிறைவாசத்தில் தொங்கியது. அந்தப் பங்கை மட்டுமே நம்பியிருந்த குடும்பத்தின் கதியும் அதனோடு தொங்கியிருக்கும்.

கம்பெனி பதிவாகி ஆறே நாட்கள் கழித்து, அதே அக்டோபர் 22ஆம் நாள், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அது வங்கித் தொழில் நடத்திவந்த பெரிய ஆங்கில நிறுவனம். 'வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது' என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த அதிர்ச்சியில்தான், நம்மவர் கையில் நம்மவர் பணம் இருக்கட்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி திறக்கப்பட்டது.

கம்பெனிப் பங்கிலும் இடர்; வைப்புத் தொகையிலும் இடர். பின் சிறு சேமிப்பாளர் எங்கே போவார்? நம் பக்கத்துத் தாய்மார்கள் கண்ட வழி தங்கமும் சீட்டும். இரண்டையும் குறை கூற நான் வரவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்து மகளைக் கல்லூரியில் சேர்த்த குடும்பங்கள் இந்தச் சீவலப்பேரியிலேயே உண்டு. பதிவு பெற்ற சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் காவல் இருக்கிறது. பதிவில்லாத நிதி நிறுவனங்கள்தான் கொடுமை செய்தன. மாதம் இரண்டு, மூன்று வட்டி என்று ஆசை காட்டி 1990களில் தமிழகமெங்கும் முளைத்தவை எத்தனை! அவற்றின் விளைவாகவே 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தைத் தமிழக அரசு இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பின்னும் வலையும் விழுவாரும் குறைந்தபாடில்லை.

இந்தக் கட்டுரை இன்னொரு வழியைப் பற்றியது. அது புதிதன்று, உலகில் ஐம்பது ஆண்டுகளாகவும் நம் நாட்டில் கால் நூற்றாண்டாகவும் இருப்பது. ஆனால் நம் ஊர்ப் பெண்கள் நடுவே அதைப் பற்றிய பேச்சே இல்லை. காரணம் எளியது. அதை விற்பவருக்கு அதிகக் கமிஷன் கிடைப்பதில்லை. ஆதலால் எவரும் நம் வீட்டுக் கதவைத் தட்டி அதைச் சொல்வதில்லை.

குறியீடு என்பது என்ன?

மும்பைப் பங்குச் சந்தை 1986 ஜனவரியில் 'சென்செக்ஸ்' என்னும் குறியீட்டை வெளியிட்டது. அது முப்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஓர் எண். 1978-79ஆம் ஆண்டின் நிலையை 100 என்று வைத்துக்கொண்டது. பின்னர் தேசியப் பங்குச் சந்தை 1996 ஏப்ரலில் 'நிஃப்டி 50' என்பதைத் தொடங்கியது. 1995 நவம்பர் 3ஆம் நாளை 1000 எனக் கொண்டு ஐம்பது கம்பெனிகளை அளப்பது அது. மாலைச் செய்தியில் 'சென்செக்ஸ் இத்தனை புள்ளி ஏறியது' என்று கேட்கிறோமே, அது இதுதான். மருத்துவர் நாடி பிடிப்பது போல, ஐம்பது கம்பெனிகளைத் தொட்டுப் பார்த்து நாட்டுத் தொழிலின் நாடியைச் சொல்கிறார்கள்.

பட்டியல் நிலையானதன்று. ஆண்டுக்கு இருமுறை நிஃப்டியைச் சீர்படுத்துகிறார்கள். சிறுத்துப் போன கம்பெனி வெளியேறும். வளர்ந்த கம்பெனி உள்ளே வரும். 1986இல் சென்செக்ஸில் இருந்த முப்பதில் அம்பாசடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று. அன்று அந்தக் கார் இல்லாத கலெக்டர் அலுவலகம் உண்டா? 2014இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. கார் நின்றது, குறியீடு நிற்கவில்லை. அந்தக் கம்பெனியை அது பல ஆண்டுகளுக்கு முன்பே இறக்கிவிட்டு, வேறு கம்பெனிகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

நம் ஊரில் சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கும் இடத்தைப் பார்க்காதவர் இல்லை. கோடையில் சிற்றாற்றில் மணல்தான் தெரியும். பொருநையில் அப்போதும் நீர் இருக்கும், ஏனெனில் அது ஒரே ஓடையை நம்பிய ஆறு அன்று. குறியீடும் ஏறத்தாழ அப்படியே.

இந்தக் குறியீட்டில் உள்ள கம்பெனிகளை எல்லாம், குறியீட்டில் உள்ள அதே விகிதத்தில், அப்படியே வாங்கி வைக்கும் பரஸ்பர நிதிக்குக் குறியீட்டு நிதி என்று பெயர். வழக்கில் இண்டெக்ஸ் ஃபண்டு என்பார்கள். ஐந்நூறு ரூபாய் போட்டால், அது ஐம்பது கம்பெனிகளுக்கும் பகிர்ந்து போகும். பெரிய கம்பெனிக்கு அதிகமாகவும் சிறியதற்குக் குறைவாகவும். எது ஏறும், எது இறங்கும் என்று எவரும் ஆரூடம் பார்ப்பதில்லை.

தாழையூத்தில் சங்கர் நகர் சிமெண்ட் ஆலையை எல்லோரும் அறிவோம். 1949இல் உற்பத்தி தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை அது. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் அல்ட்ராடெக் கைக்குப் போயின. அல்ட்ராடெக் நிஃப்டி 50இல் உள்ள கம்பெனி. ஆகவே சங்கர் நகரில் அரைபடும் சுண்ணாம்புக்கல்லில், நிஃப்டி நிதியில் ஐந்நூறு ரூபாய் போட்ட நம் ஊர்ப் பெண்ணுக்கும் இம்மியளவு உரிமை உண்டு. இதை வகுப்பில் சொன்னால் மாணவியர் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுவே.

ஒரே கம்பெனியை நம்புவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை 2009 ஜனவரி 7ஆம் நாள் நாடே பார்த்தது. அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர், கணக்கில் பல ஆண்டுகளாகப் பொய் எழுதி வந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார். முந்தின நாள் ரூ. 179 ஆக இருந்த பங்கு அன்று மாலை ரூ. 40க்கு வந்தது. சத்யம் அப்போது நிஃப்டியில் இருந்த கம்பெனிதான். சந்தை முழுதும் அஞ்சியதால் நிஃப்டியும் அன்று ஏறத்தாழ 6 விழுக்காடு இறங்கியது. சத்யம் ஒன்றையே வைத்திருந்தவர் நூற்றுக்கு 78 இழந்தார். நிஃப்டி வைத்திருந்தவர் நூற்றுக்கு 6 இழந்தார். சில நாட்களில் சத்யம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க்கும் இவ்வாறே நீக்கப்பட்டது.

கெட்டிக்காரர்கள் ஏன் தோற்கிறார்கள்?

'படித்த வல்லுநர்கள் நல்ல கம்பெனிகளாகப் பொறுக்கித் தரும்போது, எல்லாவற்றையும் கண்ணை மூடி வாங்குவது எப்படி மேலாகும்?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அதற்கு விடை ஆறாம் வகுப்புச் சராசரிக் கணக்கில் இருக்கிறது.

ஒரு வகுப்பில் ஐம்பது மாணவியர். சராசரி மதிப்பெண் 60. எல்லோரும் சராசரிக்கு மேலே இருக்க முடியுமா? முடியாது. ஒருத்தி 75 வாங்கினால் வேறு எவரோ குறைவாக வாங்கியிருக்க வேண்டும். இப்போது, டியூஷன் கட்டணமாக ஒவ்வொருவர் மதிப்பெண்ணிலும் இரண்டைக் கழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டியூஷன் படித்தவர்களின் சராசரி 58 ஆகிவிடும். கட்டணம் இல்லாமல் '60ஐ மட்டும் கொடுங்கள்' என்று வாங்கிக்கொண்டு போனவள், எந்தத் திறமையும் காட்டாமலேயே, அவர்களில் பாதிப் பேருக்கு மேல் முந்திவிடுகிறாள். பங்குச் சந்தையும் இப்படியே. எல்லா முதலீட்டாளரும் சேர்ந்ததுதான் சந்தை. அவர்கள் எல்லோரும் சந்தையை முந்த முடியாது. செலவைக் கழித்தபின் பெரும்பாலோர் பின்தங்கியே தீர வேண்டும். சிலர் முந்துவார்கள், மெய்தான். ஆனால் இன்று முந்தியவர் அடுத்த பத்தாண்டும் முந்துவார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்லை.

இந்தக் கருத்தைச் சிறு முதலீட்டாளர்க்குப் பயன்படும் பொருளாக்கியவர் ஜான் போகிள் என்னும் அமெரிக்கர். அவருடைய வான்கார்டு நிறுவனம் 1976 ஆகஸ்ட் 31இல் பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதியைத் தொடங்கியது. 15 கோடி டாலர் திரளும் என்று எதிர்பார்த்தார்கள்; வந்ததோ 1 கோடியே 13 இலட்சம். 'போகிளின் பேதைமை' என்று தொழிலில் உள்ளவர்கள் நகைத்தார்கள். 2019இல் அவர் மறைந்தபோது, நகைத்தவர்களும் குறியீட்டு நிதிகளை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி மாணவியர்க்குப் பிடிக்கும். வாரன் பஃபெட் என்னும் பெருஞ்செல்வர் ஒரு பந்தயம் கட்டினார். 2008 முதல் 2017 வரை பத்தாண்டுக் காலம். ஒரு பக்கம் சாதாரணக் குறியீட்டு நிதி, மறுபக்கம் வல்லுநர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து உயர்கட்டண நிதிகள். முடிவில் குறியீட்டு நிதி 125.8 விழுக்காடு வளர்ந்திருந்தது. ஐந்தில் சிறந்தது 87.7 விழுக்காடு, கடைசியானது வெறும் 2.8. வென்ற பணம் எங்கே போயிற்று தெரியுமா? ஓமஹா நகரில் சிறுமியர் நலனுக்காகப் பணியாற்றும் 'கேர்ள்ஸ் இன்கார்ப்பரேட்டட்' என்ற அறநிலையத்திற்கு.

ஆண்டுதோறும் ஒரு சேதாரம்

நகைக் கடைக்குப் போகும் தாய்மார்களுக்குச் செய்கூலி, சேதாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. பவுனுக்கு இத்தனை சதவீதம் சேதாரம் என்று சொன்னால், 'கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்' என்று அரைமணி நேரம் வாதாடுவார்கள். பரஸ்பர நிதியிலும் ஒரு சேதாரம் உண்டு. செலவு விகிதம் என்று அதற்குப் பெயர். நகையில் சேதாரம் வாங்கும்போது ஒருமுறைதான். நிதியிலோ ஆண்டுதோறும், நீங்கள் வைத்திருக்கும் மொத்தத் தொகையிலிருந்து, இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் எடுத்துக்கொள்ளப்படும். தனியே பில் வராது. அதனால் வாதாடுவாரும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இலட்சம் ரூபாய்; முப்பது ஆண்டுகள்; செலவுக்கு முன் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்வதாகக் கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். (பத்து கிடைக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது.) செலவு 0.2 விழுக்காடாக இருந்தால் முடிவில் சுமார் ரூ. 16 இலட்சத்து 52 ஆயிரம் இருக்கும். செலவு 2 விழுக்காடாக இருந்தால் சுமார் ரூ. 10 இலட்சத்து 6 ஆயிரம். 1.8 விழுக்காடு என்று அலட்சியமாகத் தோன்றிய வேறுபாடு ரூ. 6 இலட்சத்து 46 ஆயிரத்தைக் கொண்டு போய்விட்டது. பத்தாம் வகுப்பு மாணவியர் கூட்டு வட்டிச் சூத்திரத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பாடப் பயிற்சியைவிட இது சுவையாக இருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சந்தை ஏறுமா, இறங்குமா என்பது நம் கையில் இல்லை. எந்தக் கம்பெனி வெல்லும் என்பதும் நம் கையில் இல்லை. சேதாரம் எவ்வளவு என்பது ஒன்றுதான், போடுவதற்கு முன்பே தெரிந்து தேர்ந்தெடுக்கக் கூடியது. குறியீட்டு நிதிகளுக்கும் இ.டி.எஃப்.களுக்கும் செலவு 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று செபி 2019 ஏப்ரல் முதல் வரம்பு வைத்தது. நடைமுறையில் நிஃப்டி 50 குறியீட்டு நிதிகளின் நேரடித் திட்டங்களில் 0.2 விழுக்காடும் அதற்குக் குறைவும் கிடைக்கின்றன. 'நேரடி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரே நிதிக்கு இரண்டு திட்டங்கள் உண்டு. முகவர் வழியாகப் போனால் 'ரெகுலர்'. அவருடைய கமிஷன் ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து போகும். 2013 ஜனவரி முதல் நாம் நேரே வாங்கும் 'டைரக்ட்' திட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுக. நம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்று வேலையை முடித்துத் தரும் நேர்மையான முகவருக்குக் கூலி கொடுப்பது தவறன்று. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இரண்டில் எது?

இ.டி.எஃப். என்பதும் குறியீட்டு நிதிதான். ஆனால் அதன் யூனிட்டுகள் பங்குகளைப் போலவே சந்தையில் நாள் முழுதும் விற்று வாங்கப்படும். இந்தியாவில் முதலாவது 'நிஃப்டி பீஸ்' என்பது. 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் பரஸ்பர நிதி தொடங்கியது. நிறுவனம் கைமாறிக் கைமாறி, இன்று நிப்பான் இந்தியா பெயரில் அது நடக்கிறது. செலவு விகிதம் மட்டும் பார்த்தால் இ.டி.எஃப். இன்னும் மலிவு. ஆனால் அதற்கு டிமாட் கணக்கும் பங்குத் தரகரும் வேண்டும். மாதம் ரூ. 500 போடுகிற பெண்ணுக்கு ஆண்டில் ரூ. 6,000 ஆகும். டிமாட் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 300 என்று வைத்துக்கொண்டால், முதலாண்டில் அதுவே 5 விழுக்காடு! மிச்சம் பிடிக்கப் போய்ப் பானையை உடைத்த கதை. மேலும் இ.டி.எஃப். சந்தை விலையில்தான் கிடைக்கும். உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட விலை கூடியிருக்கலாம். வெளிநாட்டு முதலீட்டுக்கு வரம்பு வந்த 2022க்குப் பிறகு, வெளிநாட்டுக் குறியீடுகளைப் பின்பற்றும் சில இ.டி.எஃப்.கள் இவ்வாறு மதிப்புக்கு மேல் விலைபோயின. சாதாரணக் குறியீட்டு நிதியில் இந்தத் தொல்லை இல்லை. அன்றன்று கணக்கிட்ட மதிப்பிலேயே வாங்கலாம், விற்கலாம். வங்கியிலிருந்து மாதந்தோறும் தானே போகும்படியும் செய்யலாம். சிறு தொகை போடுவோர்க்குக் குறியீட்டு நிதியே ஏற்றது என்பது என் கருத்து. ஏற்கெனவே டிமாட் கணக்கு வைத்து, மொத்தமாக வாங்கி நெடுநாள் வைப்பவர் இ.டி.எஃப். பக்கம் போகலாம்.

'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று நினைக்கும் பெற்றோர்க்கு ஒரு செய்தி. வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படும் வேலையில் நீங்கள் இருந்தால், நீங்கள் முன்பே இ.டி.எஃப். முதலீட்டாளர்தான். தொழிலாளர் வைப்பு நிதி நிறுவனம் 2015 ஆகஸ்டில் தன்னிடம் புதிதாக வரும் தொகையில் 5 விழுக்காட்டை நிஃப்டி, சென்செக்ஸ் இ.டி.எஃப்.களில் போடத் தொடங்கி, 2017இல் அதை 15 ஆக உயர்த்தியது. பஞ்சாலைத் தொழிலாளியின் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி நிஃப்டியில் இருக்கிறது. அவருக்குத்தான் அது தெரியாது.

இறங்கும் காலம்

இனிச் சொல்வதை மறைத்தால் இந்தக் கட்டுரை விளம்பரம் ஆகிவிடும். நிஃப்டி 2008 ஜனவரியில் உச்சியில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபருக்குள் ஏறத்தாழ 60 விழுக்காடு சரிந்தது. ஒரு இலட்சம் நாற்பதாயிரம் ஆயிற்று என்று பொருள். 2020இல் கொரோனா பரவியபோது இரண்டே மாதங்களில் சுமார் 38 விழுக்காடு இறங்கியது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 விழுக்காடு. இரண்டு முறையும் பின்னர் மீண்டது. ஆனால் மீள்வது விதி அன்று. ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. குறியீட்டு நிதி ஒரு கம்பெனியின் அழிவிலிருந்துதான் காக்கும். நாடு முழுதும் நலிந்தால் அதிலிருந்து காக்காது.

ஆகையால் எந்தப் பணம் இங்கே போகலாம், எது போகக்கூடாது என்று பிரித்தாக வேண்டும். அடுத்த ஆண்டுக் கல்லூரிக் கட்டணம் போகக்கூடாது. மருத்துவச் செலவுக்கு வைத்த ஆறு மாதக் கையிருப்பு போகக்கூடாது. அது வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். (வங்கி முறிந்தாலும் ரூ. 5 இலட்சம் வரை காப்பீடு 2020 பிப்ரவரி முதல் உண்டு. ஆர்பத்நாட்டில் போட்டவர்களுக்கு அது இல்லை.) பத்து வயதுக்கு உட்பட்ட மகள் இருந்தால் 2015இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை முதலில் பாருங்கள், 2024 தொடக்கத்தில் அதன் வட்டி 8.2 விழுக்காடாக இருந்தது, சந்தை இடரும் இல்லை. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பங்குச் சந்தைக்குப் போவது அறவே கூடாது. பத்தாண்டு தொட வேண்டாத பணம் எதுவோ அது மட்டுமே குறியீட்டு நிதிக்கு உரியது.

தாலந்து உவமையைப் பல முறை மறையுரையில் கேட்டிருக்கிறோம். மண்ணில் புதைத்தவனைத் தலைவர் கடிந்துகொண்டார் என்பது எல்லோர்க்கும் நினைவிருக்கும். குறைந்தது வட்டிக்காரரிடமாவது கொடுத்திருக்கலாமே என்று அவர் கேட்டது பலருக்கு நினைவிருப்பதில்லை. பழைய ஏற்பாட்டில் சபை உரையாளர் பதினொன்றாம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். எந்தத் தீங்கு எப்போது வரும் என்று தெரியாததால் உள்ளதை ஏழெட்டுப் பங்காகப் பிரித்து வைக்கும் அறிவுரை அங்கே இருக்கிறது. நிஃப்டி அதை ஐம்பதாகச் செய்கிறது.

அருட்சகோதரியர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும், எழுப்பவும் வேண்டும். நிஃப்டியில் உள்ள எல்லாவற்றையும் வாங்கினால், சிகரெட் செய்யும் ஐ.டி.சி.யையும் வாங்கியதாகத்தானே ஆகும்? ஆம், ஆகும். கண்ணை மூடி வாங்குவதன் விலை இது. வத்திக்கான் தன் முதலீடுகளுக்கென்று 2022இல் கொள்கை வகுத்து, திருச்சபையின் போதனைக்கு மாறான தொழில்களை விலக்கியது. நம் நாட்டிலும் புகையிலை, மது, சூதாட்டம் ஆகியவற்றை விலக்கி அமைத்த குறியீடுகளும் அவற்றைப் பின்பற்றும் நிதிகளும் இருக்கின்றன. செலவு சற்றுக் கூடும், கம்பெனிகள் குறையும். மனச்சான்று உறுத்துகிறவர்கள் அந்தச் சிறு கூடுதலைக் கொடுப்பது வீண் செலவாகாது.

அண்ணன் தம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கைபேசியில் 'ஆப்ஷன்' வாங்கி விற்பதையும் அவர்கள் 'நிஃப்டியில் போடுகிறேன்' என்றே சொல்வார்கள். பெயர்தான் ஒன்று, செயல் வேறு. அது வாரக் கணக்கில் ஏற்ற இறக்கத்தின் மேல் கட்டும் பந்தயம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைச் செபி ஆராய்ந்தபோது, அதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டிருந்தார்கள். மொத்த நட்டம் ரூ. 1.8 இலட்சம் கோடிக்கு மேல். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து 'உறுதியான இலாபம்' என்பவர்கள் இதைவிட மோசம். அங்கே சந்தையே இல்லை, திருட்டு மட்டுமே.

பழைய ஆட்கள் சிலர், 'யூனிட் டிரஸ்டில் பட்டது போதும்' என்பார்கள். அவர்கள் பட்டதும் உண்மைதான். 1964இல் தொடங்கிய யூ.எஸ்.-64 திட்டத்தில் ஓய்வூதியர்களும் ஆசிரியர்களும் அரசாங்கத்தை நம்பிப் போட்டார்கள். உள்ளே இருந்த பங்குகளின் மதிப்பு ஒன்றாக இருக்க, டிரஸ்ட் தானே ஒரு விலையை நிர்ணயித்து வந்தது. 2001 ஜூலையில் விற்பனையும் திரும்பப் பெறுவதும் நிறுத்தப்பட்டபோது இலட்சக்கணக்கான குடும்பங்கள் திகைத்து நின்றன. இன்று ஒவ்வொரு நிதியும் தன் யூனிட்டின் உண்மை மதிப்பை வேலைநாள் தோறும் வெளியிட வேண்டும். குறியீட்டு நிதி எந்தக் கம்பெனிகளை வைத்திருக்கிறது என்பதை எவரும் பார்க்கலாம். குறியீட்டிலிருந்து எவ்வளவு பின்தங்கியது என்பதும் வெளிப்படை. ஒரே குறியீட்டைப் பின்பற்றும் இரண்டு நிதிகளில், செலவும் இந்தப் பின்தங்கலும் குறைவாக உள்ளதை எடுத்துக்கொள்வதே தேர்வு. அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. புதிது புதிதாக 'பாதுகாப்புத் துறைக் குறியீடு', 'சுற்றுலாக் குறியீடு' என்று வருபவை பெயரளவில்தான் குறியீடு. ஒரே துறையை நம்புவது மறுபடியும் ஒரே கப்பலில் ஏறுவதுதான்.

மகளின் பெயரிலேயே இப்போது தொடங்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தொடங்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் பெயரில் தாயோ தந்தையோ காப்பாளராக இருந்து குறியீட்டு நிதி வாங்கலாம். பிறப்புச் சான்றும், காப்பாளரின் பான் எண்ணும், கே.ஒய்.சி. பதிவும் வேண்டும். பணம் பெற்றோர் கணக்கிலிருந்து போகலாம். திரும்பி வரும்போது மகளின் வங்கிக் கணக்கிற்கே வரும். கூட்டுப் பெயர் சேர்க்க முடியாது. பதினெட்டு நிறைந்ததும் அவள் பெயரில் பான், கே.ஒய்.சி. முடித்து விண்ணப்பம் கொடுக்கும்வரை கணக்கில் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். ஆகவே அந்தப் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே தாள்களைத் தயார் செய்துகொள்க. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டில் ரூ. 1.25 இலட்சத்தைத் தாண்டும் ஆதாயத்திற்கு 12.5 விழுக்காடு வரி என்பது 2024 ஜூலை 23இல் நடைமுறைக்கு வந்தது. மகளுக்குப் பதினெட்டு ஆகும்வரை அந்த ஆதாயம் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். அதற்குப் பின் கணக்கும் கையெழுத்தும் அவளுடையவை. திருமணமானபின் முகவரி மாறினாலும் அந்த யூனிட்டுகள் அவள் பெயரிலேயே இருக்கும்.